முதுகில் ஒரு மச்சம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிவிட்டுக் காட்டுப்பாக்கம் வீட்டுக்கு வந்ததும் என் கணவருக்கு முதலில் சோறு வேண்டும். முகம் கழுவுவதெல்லாம் அதற்கப்புறம்தான். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் காலையில் இட்லியைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவதைப் பார்த்தேன்.

"இன்னாங்க, தொண்டையில மாட்டிக்கிச்சா?"

"கேஸுதான். வுடு."

சோடா, ஓமத்தண்ணீர், மருந்துக்கடை மாத்திரை என்று சில வாரங்கள் ஓடின. பிறகு சோறே இறங்கவில்லை, கஞ்சிதான். ஒருநாள் பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குமேல் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் எண்டோஸ்கோபி எடுத்தோம்.

டாக்டரம்மா திரையில் படத்தைக் காட்டினார். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில், இளஞ்சிவப்புச் சதையில் நாவல்பழம் ஒட்டியதுபோல் ஒரு கறுப்புக் கட்டி.

"இந்த நிறத்துல வர்றது வழக்கமில்ல. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம்" என்றார்.

ரிசல்ட் வரவில்லை. இன்னொரு சோதனையும் செய்துதான் சொல்ல முடியுமாம். போனில் கேஸ் புக்கிங் மெசேஜ் வந்தால்கூட ஆஸ்பத்திரியோ என்று ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். கடைசியில் கூப்பிட்டார்கள்.

"இதுக்கு மெலனோமான்னு பேரு. சாதாரணமா தோல்ல, மச்சம் மாதிரி ஆரம்பிக்கிற கேன்சர். சில சமயம் கண்ணுலயும் வரும். உணவுக்குழாய்லயே ஆரம்பிக்கிறது ரொம்ப அபூர்வம். அதனால வேற இடத்துலேர்ந்து இங்க பரவியிருக்கான்னு முதல்ல பார்க்கணும். உடம்புல புதுசா மச்சம் ஏதாவது வந்திருக்கா?"

அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

தோல் டாக்டர், கண் டாக்டர், ஸ்கேன் எல்லாம் மறுநாள்தான். அதுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, ஜன்னலோரம் நிற்கவைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் உடம்பை அப்படிப் பார்த்ததில்லை. காதுக்குப் பின்னால், அக்குளில், விரலிடுக்கில், நகத்தடியில். உள்ளங்காலில் ஒரு கறுப்பு தெரிந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போய்விட்டது. கிரீஸ்.

"இன்னா, மாடு வாங்கப் போறியா?" என்றார். குரல் மட்டும்தான் சிரித்தது.

இடுப்புக்கு மேலே, முதுகில், மிளகளவு ஒரு மச்சம் இருந்தது.

"இது எப்பலேர்ந்து கீது?"

"முதுக நான் எங்க பாத்தேன்?"

எனக்கும் நினைவில்லை. தெரிந்திருக்க வேண்டியவள் நான்தானே. நூம்பலில் இருக்கும் அவர் அக்காவுக்குப் போன் போட்டேன். நோயைச் சொல்லவில்லை.

"அண்ணி, அவருக்கு முதுகுல மச்சம் சின்ன வயசுலயே இருந்துச்சா?"

"கீதே. அவன குளிப்பாட்டினதே நான்தான். இடது பக்கம், இடுப்புக்கு மேல. ஏம்மா கேக்குற?"

"சும்மாதான் அண்ணி."

"நான் கெளம்பி வரேன்" என்று வைத்துவிட்டார். வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தவர், பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

தோலில் எதுவும் இல்லை, கண்ணிலும் இல்லை. ஸ்கேனிலும் உணவுக்குழாயைத் தவிர வேறெங்கும் இல்லை. அங்கேயேதான் ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அபூர்வம்னா மருந்தும் அபூர்வமா மேடம்?"

"ஆபரேஷன் பண்ணலாம். அப்புறம் மருந்தும் இருக்கு. ஆனா திரும்ப வராதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா."

உணவுக்குழாயில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள். வெளியே அண்ணி மாங்காட்டு அம்மனிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவர் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறார். சாப்பிட்டு உடனே படுத்தால் எதுக்களிக்கும். கம்பெனியில் ஸ்டோருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வப்போது ஸ்கேன் எடுக்கிறோம். நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்காது.

போனமுறை சுத்தமாக வந்தது. திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பன்னைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டார்.

"அந்தாண்ட பாரேன். தொண்டையவே பாத்துகினு இருந்தா எப்டி எறங்கும்?"

ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காதை மட்டும் அவர் பக்கமே வைத்திருந்தேன்.