ஷார்ஜாவுக்குப் போகாதது அம்மாவின் முடிவு

இந்த நினைவு மலருக்காக அம்மாவைப் பற்றி எழுதித் தரும்படி அப்பா என்னிடம் கேட்டார். "நல்லத மட்டும் எழுதும்மா" என்று பக்கத்திலிருந்த சித்தப்பா சொன்னார். அம்மாவைப் பற்றி எழுத எனக்கு நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. முதலாமாண்டு நினைவு நாளில் இம்மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

அம்மா தென்னேரியில் பிறந்தார். தாத்தா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஏரி நிரம்பினால் வீட்டில் அடுப்பு எரியும். அம்மா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கற்றார். திருமணமாகிக் காஞ்சிபுரம் வந்த பிறகு, ரவிக்கைகளில் ஜரிகையும் மணியும் கோர்க்கும் ஆரி வேலையையும் கற்றுக்கொண்டார். பட்டு எடுக்க வரும் கல்யாண வீட்டார் கையோடு அம்மாவைத் தேடி வந்து ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டுப் போகும் அளவுக்குப் பெயர் எடுத்தார்.

அப்பா பட்டுக்கடையில் விற்பனையாளர். சித்தப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். எங்களுக்கு ஓர் அறைதான். துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தைப் போட்டால் அறையில் படுக்க இடமிருக்காது. கூடத்தில் போட்டால் சித்தப்பா அதைக் காலால் ஓரம் தள்ளுவார். "வீடா இது, கடையா?" என்பார். அம்மா சட்டத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்துவிடுவார். தனி வீடு வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்ட ஓர் அம்மையார், ஷார்ஜாவில் தன் உறவினர் நடத்தும் தையல் கடைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆள் தேவை என்றார். அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டே பேசினார்.

"பொம்பள துபாய் பக்கம் போனா ஊரு இன்னா பேசும்னு தெரியாதா அண்ணி?" என்றார் சித்தப்பா.

"தெரியும்பா. நீதான் முதல்ல பேசுவ" என்றார் அம்மா.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வாலாஜாபாத்திலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, வந்தார். இரண்டு நாள் இருந்து அழுதார், சபித்தார். "புருஷன உட்டுட்டுப் போறவ" என்று தெருவில் நின்று பேசிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் அம்மா போவதாகவே சொல்லியனுப்ப, ஷார்ஜா கடைக்காரர்கள் பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். பேச்சு வந்ததுமே விண்ணப்பித்து வாங்கி வைத்திருந்ததை எடுக்க அம்மா பீரோவைத் திறந்தார். பாஸ்போர்ட் இல்லை. "எங்கனா வச்சிருப்ப, தேடு" என்றார் அப்பா. அம்மா அறையையே கவிழ்த்துத் தேடினார். கடைசியில் சித்திதான் மனம் பொறுக்காமல், சமையலறையில் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அது வாலாஜாபாத்ல இருக்குது."

அம்மா என்னை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அத்தை வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

"உள்ள வாங்க அண்ணி."

"பாஸ்போர்ட்டக் குடு. போறேன்."

"எந்தப் பாஸ்போர்ட்டு?"

அம்மா எழுந்திருக்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். அத்தை கதவைச் சாத்தினார், திறந்தார், திட்டினார். வெயில் ஏறியதும் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் போட்டார்.

"நானா திருடிக்கினு வந்தேன்? எங்கண்ணன்தான் குடுத்தாரு, வச்சிருன்னு. அவரக் கேளுங்க."

அம்மா தண்ணீர்கூட வாங்காமல் எழுந்துவிட்டார். பஸ்ஸில், "உங்கப்பா தேடச் சொன்னாரு பாரு. நானும் தேடிக்கினு இருந்தேன்" என்றார்.

அப்பாவிடம் அவர் சண்டை போடவில்லை. ஷார்ஜா கடையில் ஏற்கெனவே வேலை செய்யும் பெண்ணோடு பேச வேண்டும் என்று கேட்டு, எண்ணை வாங்கிப் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன். சாப்பாடு, அறை, வேலை நேரம் எல்லாவற்றையும் விசாரித்தார். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்றும் கேட்டார்.

"இறங்கினதுமே முதலாளி வாங்கி வச்சுப்பாருக்கா. ஊருக்குக் கிளம்பும்போது குடுப்பாரு. இங்க அப்படித்தான்."

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா சொன்னார்: "நான் ஷார்ஜா போகல. இங்க நாத்தனார் வச்சிருந்தா, அங்க முதலாளி வச்சிருப்பான். என்னுது எங்கிட்ட இருக்கற எடத்துலதான் இனிமே நான் இருப்பேன்."

சித்தப்பா சிரித்துக்கொண்டே, "நல்ல முடிவு அண்ணி" என்றார்.

"இன்னும் முடிக்கலப்பா. இந்த வீட்ட உட்டும் போறேன்."

அந்த மாதமே கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சிறிய வாடகை வீட்டுக்கு நானும் அம்மாவும் குடிபோனோம். சட்டத்தை நடுவீட்டில் போட்டார். உறவினர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. தங்கள் வீட்டுக் கல்யாண ரவிக்கைகளை வேறிடத்தில் கொடுத்தார்கள். சில நாள் கழித்து அப்பா ஒரு பையோடு வந்து வாசலில் நின்றார். "கைகால் கழுவிட்டு வாங்க, சோறு இருக்குது" என்றார் அம்மா. அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

சிறுநீரகம் பழுதாகி அம்மா மருத்துவமனையில் இருந்தபோது அத்தை இளநீரோடு வந்தார்.

"பாஸ்போர்ட்ட ஏன் வாங்கி வச்ச?" என்று கேட்டார் அம்மா.

"நீங்க போயிட்டா எங்கண்ணன் இன்னா ஆவாருன்னு..."

"அத எங்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில், "நாங்க தடுத்ததாலதான் அண்ணி சொந்த மண்ணுல கண்ண மூடினாங்க" என்று சித்தப்பா சபையில் சொன்னார். நீங்கள் தடுக்கவில்லை, சித்தப்பா. நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து பாஸ்போர்ட்டை ஒளித்தீர்கள். முடிவெடுத்தவர் அம்மா. இம்மலரின் அட்டைக்கு நீங்கள் எழுதித் தந்த "அனைவரையும் மன்னித்த உத்தமி" என்ற வரியையும் நான் எடுத்துவிட்டேன். அம்மா அப்படி யாரிடமும் சொல்லவில்லை.

டயாலிசிஸ் நாட்களில் கூப்பிட்ட குரலுக்கு ஆட்டோவோடு வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட செவிலியர் தங்கைக்கும், பாதியில் நின்ற ரவிக்கைகளை முடித்துக்கொடுத்த தோழிகளுக்கும் எங்கள் நன்றி. பந்திக்கு மட்டும் வந்தவர்களுக்கும் வந்ததற்காக நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். வாலாஜாபாத் வந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அத எடுத்துடவாப்பா?" என்றேன்.

"வேணாம்மா. அவ இருக்கும்போது நான் ஒத்துக்கல. இருக்கட்டும்" என்றார்.