பலகையில் பேசாலை

லண்டனில், ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் மரியநாயகியும் கணவர் சூசைதாசனும் உணவகத்தை வாங்கியபோது, வாசலுக்கு மேலே தங்க நிற எழுத்தில் ‘இந்தியன் ரெஸ்டோரன்ட்’ என்றிருந்தது. விற்றவர் இந்தியர் அல்லர், வங்கதேசத்தின் சில்ஹெட்காரர். சாவியைக் கையில் வைக்கும்போது, “பலகையை மட்டும் மாற்றாதீர்கள், சகோதரி” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “முப்பது வருடம் நானும் அந்தப் பெயரில்தான் சமைத்தேன். இங்குள்ளவர்களுக்கு இந்தியா தெரியும். சில்ஹெட்டை யாருக்குத் தெரியும்?”

நல்லெண்ணத்தில் சொன்ன புத்தி. மரியநாயகி கேட்டுக்கொண்டார். மருத்துவமனைச் சமையலறையில் பதினைந்து வருடம் வேலைசெய்து சேர்த்த காசில் வாங்கிய கடை அது. அதை வைத்துச் சூதாட மனம் வரவில்லை. பட்டர் சிக்கனும் டிக்கா மசாலாவும் சமைத்தார், நன்றாகவே சமைத்தார். ஞாயிறு பூசை முடிந்து வருகிற இலங்கை ஊர்ச்சனத்துக்கு மட்டும், மெனுவில் இல்லாத கணவாய்க் கறியும் பிட்டும் உள்ளேயிருந்து வரும்.

பக்கத்து மேசைக்காரர்களுக்கு மூக்கு இருந்தது. “அது என்ன? எங்களுக்கும் கிடைக்குமா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றாக மெனுவில் ஏறின: கணவாய், நண்டுக் குழம்பு, திருக்கை வறை, இடியப்பமும் சொதியும். சில வருடங்களில் பட்டர் சிக்கன் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. பலகை மட்டும் அப்படியே நின்றது.

சென்ற வசந்தகாலத்தில், வட்டார உணவக விருதுப் போட்டி ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மருந்தாளராக வேலைசெய்யும் மகள் றூபினி கைபேசியோடு சமையலறைக்குள் ஓடிவந்தாள்.

“அம்மா, ஷோர்ட்லிஸ்ட்ல வந்திட்டம்! நடுவர்மார் ஆருக்கும் சொல்லாமல் வந்து சாப்பிட்டிருக்கினம். உங்கட கணவாய்க் கறியைப் பற்றி ஒரு பந்தியே எழுதியிருக்கினம்.”

மரியநாயகி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “எந்தப் பரிசுக்காம்?”

“பெஸ்ட் இந்தியன் ரெஸ்டோரன்ட்.”

சிரிப்பு நின்றது. “என்ர கணவாய்க் கறி இந்தியச் சாப்பாடாமோ?”

“அது சும்மா ஒரு கேட்டகரி அம்மா.”

“கொழும்பில என்னைத் தமிழ் எண்டு பதிஞ்சாங்கள். இந்தியாவில மண்டபம் அகதி முகாமில சிலோன்காரி எண்டு பதிஞ்சினம். இஞ்ச வந்தா இந்தியன். ஒருத்தராவது என்னட்டக் கேட்டுப் பதிஞ்சவையோ?”

சூசைதாசன் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். “நாயகி, தாறதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பமே. பலகையிலயும் நாங்கள் அப்பிடித்தானே போட்டிருக்கிறம்?”

அந்தக் கேள்வி மரியநாயகிக்குச் சுட்டது. கணவர் சொன்னது உண்மை.

“ஓம், பிழை எங்களிலயும் இருக்கு,” என்றார் மரியநாயகி. “இந்தியாவில அந்தச் சனம் ஆறு வருசம் எங்களை வைச்சுப் பாத்தது. அவையின்ர பேரை எடுத்துப் பரிசும் வாங்கிறது சரியில்லை. போனைத் தா பிள்ளை.”

விருதுக்காரப் பெண் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியல் அச்சாகிவிட்டது, இவர்களுக்குப் பொருந்துகிற வேறு பிரிவு இல்லை, இந்த வருடம் எதுவும் மாற்ற முடியாது என்றார்.

“அப்படியானால் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்,” என்றார் மரியநாயகி, மருத்துவமனையில் பழகிய ஆங்கிலத்தில்.

“நன்றாக யோசித்தீர்களா? நீங்கள் வெல்லவும் கூடும்.”

“தெரியும். அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.”

றூபினி வாயைப் பிளந்தபடி தாயைப் பார்த்தாள். பிறகு அவளே மின்னஞ்சல் எழுதி விலகலை உறுதிசெய்தாள்.

அடுத்த கிழமை பலகைக்காரரை அழைத்தார்கள். என்ன எழுதுவது? சூசைதாசன் ‘ஸ்ரீலங்கன்’ என்றார். “அது பாஸ்போட்டில இருந்தது. சட்டியில இல்லை,” என்றார் மரியநாயகி. வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிட வருகிற சிவானந்தன் சாணக்கியம் சொன்னார்: “அக்கா, யாழ்ப்பாணம் எண்டு போடுங்கோ. லண்டனில எல்லாருக்கும் விளங்கும்.”

“தம்பி, நான் யாழ்ப்பாணம் போனதே ரெண்டு தரம். ரெண்டும் கலியாண வீடு.”

கடை முழுக்கச் சிரித்தது, சிவானந்தனும்தான். மரியநாயகி ஓடர் எழுதும் தாளை எடுத்து எழுதினார்: பேசாலை. அதன் கீழே: மன்னார்த் தமிழ்ச் சமையல்.

“மன்னார்த்தீவில கரைவலை இழுத்து மீன் பிடிக்கிற ஒரு ஊர். அதின்ர பேர் இஞ்ச ஆருக்கு விளங்கும்?” என்றார் சூசைதாசன்.

“விளங்காதவை கேப்பினம். கேட்டாச் சொல்லுவன்.”

ஜூன் மாதம் பலகை ஏறியது. நீலத்தில் வெள்ளை எழுத்து; ஆங்கிலத்தில் பெரிதாக, தமிழில் அதைவிடப் பெரிதாக. முதல் வாரங்களில், இந்தியன் கடை மூடிவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டார்கள். பழைய வாடிக்கைக்காரர் சிலர் வரவே இல்லை. சூசைதாசன் மனைவியைப் பார்த்தார், வெறும் மேசைகளை இன்னொரு முறை துடைத்தார்.

வந்தவர்கள் கேட்டார்கள். மரியநாயகி ஏப்ரனோடு வெளியே வந்து சொன்னார்: இலங்கையின் வடமேற்கில் ஒடுங்கிய ஒரு தீவு, இரு பக்கமும் கடல், அங்கே எங்கள் ஊர். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் தன் கைபேசியில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மேசை மேசையாகக் காட்டினார். கிழக்கு லண்டனின் குட்மேய்ஸிலிருந்து ஒரு மன்னார்க் குடும்பம் ஒன்றரை மணி நேரம் பயணம்செய்து வந்தது. தந்தை வாசலில் நின்று பலகையைப் படம் எடுத்து, “எங்கட பக்கத்தின்ர பேரை லண்டனில ஒரு கடையில இப்பத்தான் பாக்கிறன்,” என்றார். இலையுதிர்காலத்துக்குள் மேசைகள் நிறைந்துவிட்டன.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், உணவு கொண்டுபோகும் பிரேசில் இளைஞர் ஒருவர் தலைக்கவசத்தோடு கதவைத் திறந்து, “பெசலாய், இரண்டு ஓடர்!” என்று கூவினார்.

மரியநாயகி பைகளோடு வந்தார். “பே… சா… லை.”

“பேசாலை,” என்றார் அவர், கவனமாக.

“ஓம்! அப்பிடித்தான்,” என்று சொல்லிப் பைகளைக் கொடுத்த மரியநாயகி, அவர் தெருவில் இறங்கி மோட்டார் சைக்கிளில் ஏறும்வரை வாசலில் நின்றார். உள்ளே ஆறாம் மேசைக்காரர்கள் கணவாய்க் கறிக்குக் காத்திருந்தார்கள்.