மாமாவின் கப்பலும் ஆறாத கூலரும்

மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு, வீட்டில் எல்லோரும் பத்திரிகை, பந்தல், பாத்திரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் ஒரே கவலையில் இருந்தார்: கூலரை எங்கே மாட்டுவது?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டிச் சம்பாதித்ததை எல்லாம் ஒரு பழைய அமெரிக்கக் காரில் கொட்டுவார். ஏதோ ஒரு பங்களாவில் கோழி அடைந்துகிடந்த வண்டி அது. கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். நீளத்தைப் பார்த்து ஊரில் கப்பல் என்றார்கள். மேடேறும்போது அதன் கியர்பாக்ஸ் எண்ணெய் ரசம்போலக் கொதித்துவிடும் என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று தெரிந்தது. பெண்வீடு மலைக்குக் கீழே நிலக்கோட்டை. போகும்போது கப்பல் ராஜா மாதிரி இறங்கியது. திரும்பும்போது பாதி மலையில் படுத்துவிட்டது. நாங்கள் காலி முட்டைக்கோஸ் லாரியில் ஏறி வீடு வந்து சேருவதற்குள் பெண்ணின் அப்பாவுக்குச் சேதி போய்விட்டது. அவர் பூ வியாபாரி. "மாப்பிள, தாலி கட்டுனதும் பொண்ண வேன்லயே கூட்டிப் போயிருங்க" என்று போனில் சொல்லிவிட்டார். மாமாவுக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. அவளைக் கப்பலில்தான் கூட்டி வருவேன் என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுவிட்டார்.

அதற்காக வந்ததுதான் அந்தக் கூலர். குட்டி ரேடியேட்டர்போல ஒரு சல்லடைத் தட்டு. எண்ணெய் அதற்குள் சுற்றிவந்து, வெளியே அடிக்கும் காற்றில் ஆற வேண்டும்.

"ரேடியேட்டருக்கு முன்னால வைங்கண்ணே, அங்கதான் காத்து நல்லா அடிக்கும்" என்றார் மெக்கானிக்.

மாமா துடித்துப்போனார். முன்பக்கக் கிரில்தான் அந்த வண்டிக்கு அழகு. தினமும் வெள்ளனே எழுந்து, பல் விளக்குவதற்கு முன்னால் அதைத் துடைப்பார். "பல்லு நடுவுல கீரை ஒட்டுனாப்புல இருக்குமேய்யா!"

"அப்பன்னா உன் தலையில மாட்டிக்கடா. அங்கதான் காலியாக் கெடக்கு" என்றாள் அம்மா.

எனக்கு அப்போது எட்டு வயது. கணக்குப் பாடத்தைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாம் தெரியும். கூலரை வண்டிக் கூரைமேல் கட்டிவிட்டு, பக்கத்தில் நான் உட்கார்ந்து விசிறிக்கொண்டே வருகிறேன் என்றேன். மாமா ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசியில் டிக்கிக்கு அடியில் மாட்டினார்கள். அழகும் கெடவில்லை. மஞ்சு மூடிய ஒரு காலையில் மலைமேலேயே மன்னவனூர்வரை ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால், கூலர் ஜில்லென்று இருந்தது. மாமா ஆடினார். மெக்கானிக் ஆடினார். எதற்கென்று தெரியாமல் நானும் ஆடினேன்.

அப்பா மட்டும் சிரித்தார். "மாப்ள, இந்தக் குளுருல கொதிக்கிற டீயவே மூணு நிமிசத்துல மோரா குடிக்கிறோம். அடிவாரத்துல காட்ரோட்டு வெயில்ல ஓட்டிப் பாரு."

மலைக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு. மாமா அன்று மத்தியானமே கீழே இறங்கினார். சாயங்காலம் ஜீப்பில் கயிறு கட்டிக் கப்பலை இழுத்து வந்தார்கள். மறுநாள் மறுபேச்சில்லாமல் கூலர் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் போனது. பானெட்டைத் திறந்தாலும் எட்டாத இடுக்கு. கிரில் கம்பிக்கு நடுவே என் கை நுழைந்ததால், தொட்டுப் பார்த்துச் சொல்லும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அந்த மலையில் வண்டி இரண்டு தடவை நிற்காமல் ஏறியது.

கல்யாணத்தன்று மாமனார் தன் தொழிலின் பெருமையை எல்லாம் கப்பலின்மேல் காட்டிவிட்டார். சம்பங்கி, செவ்வந்தி, ரோஜா. கிரில்லே தெரியாத அளவுக்கு வடம் வடமாகப் பூ. தாலி கட்டியதும் பெண்ணோடு மலையேறினோம். காட்ரோட்டைத் தாண்டி ஊத்து என்ற ஊர் வருவதற்குள் கருகிய எண்ணெய் வாடை. கப்பல் நின்றது.

பின்னால் வந்த வேன்களும் நின்றன. மாமனார் இறங்கி வந்து மாமாவைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்: "நாந்தான் சொன்னேன்ல. வேன்ல ஏறும்மா."

மாமா கழுத்தில் மாலையோடு, ஹோம்வொர்க் செய்யாத பையன் மாதிரி நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

புது அத்தை இறங்கினாள். வண்டியின் முன்னால் போய் நின்று பார்த்தாள். "நான் இதுலயே வாறேன்ப்பா. மொதல்ல இந்தப் பூவ எடுங்க. வாயப் பொத்துனா அது எப்படி மூச்சு விடும்?"

மாமனார் வடங்களைத் தானே பிரித்து வேன்மேல் போட்டார். ஆரத்தி கரைக்க வேண்டும் என்று அம்மா எல்லோரையும் வெரசாக் கிளப்பினாள். "ஆறுனதும் வாங்க" என்று சொல்லி, துணைக்கு என்னை விட்டுவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் என் உத்தியோகத்தைத் தொடங்கினேன். கிரில்லுக்குள் கைவிட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. "மாமா, ஆறிருச்சு!"

பாறைமேல் அத்தையோடு உட்கார்ந்திருந்த மாமா, "உனக்குத் தெரியாது பாப்பா. உள்ளுக்குள்ள கொதிக்கும்" என்றார்.

ஓர் ஆரஞ்சு தின்றுவிட்டு மறுபடி தொட்டேன். ஜில்லென்று இருந்தது. "இன்னும் கொஞ்சம் ஆறட்டும்" என்றார். மஞ்சு இறங்கி பானெட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது. எனக்குப் பல் கிட்டியது. மாமாவின் கோட்டு அத்தையின் தோளுக்குப் போயிருந்தது. "மாமா, அது ஐஸ்கட்டி ஆயிருச்சு!" என்று கத்தினேன்.

அத்தை எழுந்து வந்தாள். படித்தவள், நியாயம் சொல்வாள் என்று நம்பினேன். வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு, கம்பிக்கு நடுவே விரல்களை நுழைத்து, நிதானமாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்து, முகத்தை மிகவும் கவனமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆமாங்க, இன்னும் சூடாத்தான் இருக்கு."

வீடு வந்ததும் ஆரத்தித் தட்டுக்கு முன்னாலேயே அம்மாவிடம் உரக்கச் சொன்னேன்: மாமாவாவது பரவாயில்லை, இந்த அத்தைக்கு வண்டியைப் பற்றிச் சுத்தமாக ஒன்றுமே தெரியவில்லை.