பூனை பிடித்த சாக்கு

இது இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

நைனார்பாளையம் அரிசி மில்லில் திரிந்த பூனை அது. வழி மறக்கட்டும் என்று சாக்கில் போட்டு, வாசலில் மூன்று சுற்று சுற்றித்தான் வீட்டுக்குள் விட்டேன்.

இரண்டு நாளாகப் பாலைத் தொடவில்லை. ஆணியில் மாட்டிய வெறும் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்று மத்தியானம் அந்தச் சாக்குக்குள்ளிருந்து ஒரு குட்டி கத்தும் சத்தம்; பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"இன்னாங்க, தாயை மட்டும் தூக்கிக்கினு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "ரெண்டும் பட்டினியில செத்துடும், ஓடுங்க!"

மில்லில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒரே ஒரு குட்டி, உயிரோடு. கொண்டுவந்து விட்டதும் தாய் அதை நக்கிவிட்டுப் பாலைக் குடித்தது.

இப்போது இரண்டும் தூங்குகின்றன. சாக்கு மட்டும் இன்னும் கத்துகிறது.

இதில் ஒன்று மட்டும் நானாகக் கட்டிவிட்ட பொய். அன்றைக்கே சொன்னது நான் இல்லை, அவள்.

சாக்கு யாருக்காவது வேண்டுமா?