தனக்கோடி கூடத்தில் கட்டிய வண்டி

தனக்கோடிக்கு வேகம் என்றால் உயிர். இதை அவள் புருஷன் ஜெயவேல் கல்யாணமான மறுவாரமே கண்டுகொண்டார். முள்ளிப்பட்டிலிருந்த அவள் அம்மா வீட்டிலிருந்து அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஆரணிக்குக் கூட்டி வந்தபோது, இறக்கத்தில் அவர் பிரேக்கைப் பிடித்தார். பின்னாலிருந்து குரல் வந்தது: "எதுக்குங்க புடிக்கிறீங்க, நல்லா தானே போய்கினு இருக்குது."

தொண்ணூறுகளின் நடுவில் வீட்டுக்கு ஒரு மொபெட் வந்தது. பட்டு நூல் கொண்டுவர ஜெயவேல் வாங்கியது அது. வாங்கியவர் ஓட்டியது கொஞ்ச நாள்தான், அப்புறம் அது தனக்கோடியின் வண்டி. நூல் பையை முன்னால் வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டால், வாசலில் கோலம் போடுகிறவர்கள் எழுந்து ஓரமாக நின்றுகொள்வார்கள். அவள் யாரையும் இடித்ததில்லை. ஆனாலும் எழுந்துவிடுவார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. மகள் லாவண்யா படித்து முடித்து சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். பின்கட்டில் ஜெயவேலின் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்பத்தூர் பக்கம் மூடிப்போன ஒரு தொழிற்சாலையில் மோட்டார் மலிவாகப் போகிறது என்று யாரோ சொல்ல, ஜெயவேல் கிளம்பிப் போனார். அவர் போய்ச் சேருவதற்குள் மோட்டாரெல்லாம் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல், மிச்சமிருந்த அலுமினியச் சட்டங்களை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஒவ்வொன்றும் ஆளை விட உயரம், நாலு பக்கமும் நீளவாக்கில் பள்ளம். கூடவே ஒரு சாக்கு நிறைய நட்டும் போல்ட்டும்.

"இது இன்னாத்துக்குங்க?" என்றாள் தனக்கோடி.

"சாயம் போட்ட பட்டு காயப்போட ஆவும்," என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஜெயவேலின் தம்பி கிரண் அதே வீட்டில்தான் இருந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். சாயங்காலம் வந்தவன் சட்டத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டான்.

"அண்ணி, இதுக்குப் பேரு ப்ரொஃபைல். வெளிநாட்ல இதுலதான் வீட்டுக்குள்ளயே கார் கட்டி ஓட்டறானுங்க. ஏரோப்ளேன் கூட."

"நெசமாவா?"

"நெசம்னா, கம்ப்யூட்டர்லதான் ஓடும். ஆனா ஸ்டியரிங், பிரேக்கு எல்லாம் கையிலயும் கால்லயும் இருக்கும். ஒடம்புக்கு வித்தியாசம் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தையில் தனக்கோடி விழுந்துவிட்டாள். மறுநாள் காலை கூடத்திலிருந்த கட்டிலும் பீரோவும் இடம்பெயர்ந்தன.

கிரண் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், யாரோ ஓட்டிச் சலித்த ஸ்டியரிங் ஒன்றையும், அதோடு சேர்ந்த பெடலையும், விமானம் ஓட்டக் கையில் பிடிக்கும் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் வாங்கி வந்தான். சட்டங்களை அளவாக அறுக்க தனக்கோடி அய்யனாரின் கடைக்குப் போனாள். அவர் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிறவர்.

"ஜன்னலாம்மா, கதவா?" என்று கேட்டார் அய்யனார்.

"ஏரோப்ளேன்."

"அளவு சொல்லுங்க," என்று பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

கட்ட ஆரம்பித்தபோதுதான் தனக்கோடிக்கு அந்தச் சட்டத்தின் அருமை புரிந்தது. வெல்டிங் வேண்டாம், துளை போட வேண்டாம். பள்ளத்துக்குள் நட்டைச் செருகி, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, ஆலன் கீயால் ஒரு திருகு திருகினால் பாறை மாதிரி நின்றது. பிடிக்கவில்லையா, தளர்த்தி இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது, கொட்டிய உப்பை எடுக்க முடியாது என்றே பழகிய அவளுக்கு இது தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது. தேவையே இல்லாமல் ஒரு குறுக்குச் சட்டத்தை மேலே ஏற்றுவாள், கீழே இறக்குவாள், எட்ட நின்று பார்ப்பாள், மறுபடி ஏற்றுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டுக்கு வேலூர் போக வேண்டியிருந்தது. பழைய கார் உடைக்கும் கடையில் ஒரு மாருதி வேனின் முன்சீட்டு கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவளும் கிரணும் ஆரணி பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார இடமில்லை. மேலே போடச் சொன்ன கண்டக்டரிடம், மழை வந்தால் பஞ்சு ஊறிவிடும் என்று மன்றாடி, பஸ்ஸுக்குள் நடக்கிற வழியிலேயே சீட்டை வைத்து, தனக்கோடி அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, ஒக்காற சீட்டையும் நீயே எடுத்துகினு வந்துடுவியா?" என்றார் கண்டக்டர்.

"உங்க பஸ்ல கெடைக்க மாட்டேங்குதே, அண்ணா."

பஸ்ஸே சிரித்தது. கண்ணமங்கலத்தில் ஏறிய ஒரு பெரியவர் கால் வலிக்கிறது என்றதும் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தாள். ஆரணியில் அந்தப் பெரியவருக்கு இறங்கவே மனமில்லை. இப்படி ஒரு சொகுசான பஸ்ஸில் தான் போனதே இல்லை என்றார்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரணின் கடையிலிருந்து வந்த குண்டு மானிட்டர் எதிரில் நின்றது. தனக்கோடி உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தாள். கார் கிளம்பியது. முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினாள். கார் நிற்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த சீட்டுதான் சட்டத்தோடு பின்னால் நகர்ந்து சுவரில் போய் முட்டியது. கையெட்டாத ஸ்டியரிங் தன்னால் சுழல, திரையில் கார் வேலியைத் தாண்டிக் குட்டிக்கரணம் போட்டது. தனக்கோடி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்ட அவள் சிரித்த சத்தத்தில் ஜெயவேல் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். எழுந்து நின்றவளுக்குக் கூடமே சுற்றியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தபா," என்றாள்.

அப்புறம் பெடலையும் சீட்டையும் ஒரே சட்டத்தில் பிணைத்தாள், மூலைக்கு மூலை பிராக்கெட் போட்டாள், அடியில் ரப்பர் வைத்தாள். வண்டி அசையாமல் நின்றது. நாலு போல்ட்டைத் தளர்த்தி ஸ்டியரிங்கை இறக்கிவிட்டு ஜாய்ஸ்டிக்கை ஏற்றினால் கார் விமானமாகிவிடும். விமானத்தின் வாலைத் திருப்ப இரண்டு காலுக்கும் பலகை வேண்டும் என்றான் கிரண். அவள் பரணிலிருந்து பழைய கைத்தறியின் மிதிக்கட்டைகளை இறக்கினாள். கிரண் பழைய ரேடியோவின் வால்யூம் திருகியை அதில் கோத்து ஒயர் இழுத்தான். இடதுகாலை மிதித்தால் விமானம் இடதுபக்கம் மூக்கைத் திருப்பியது.

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி அவள் முதலில் தேடியது ஆரணியைத்தான். திரையில் கீழே வெறும் பச்சை.

"கிரணு, நம்ம ஊரைக் காணோமே."

"அவனுங்க போடல அண்ணி. பெரிய ஊருங்கதான் போட்டிருக்கானுங்க."

தனக்கோடி கொஞ்ச நேரம் பச்சையின் மேல் வட்டமடித்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி, கூடத்தில் இல்லாத பயணிகளைப் பார்த்து, "ஆரணி வந்தாச்சி, எறங்கறவங்க எறங்கலாம்," என்று சொல்லிவிட்டு வயல்வெளியிலேயே இறக்கினாள். விமானம் மூன்று குதி குதித்து, மூக்கால் மண்ணைக் கிளறி நின்றது. அன்றிலிருந்து அந்தப் பச்சையில் ஒரு இடம் ஆரணி, சற்றுத் தள்ளி ஒரு இடம் போளூர் என்று அவளே வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் லாவண்யாவுக்குப் போளூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வேணுகோபால், வேலூரில் பேங்கில் வேலை. அவன் அப்பா குப்புராஜ் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. ஆனால் அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது: இன்றைக்கே நாள் நல்லா இருக்கிறது, மத்தியானம் வருகிறோம். நல்லவேளையாக லாவண்யா ஊருக்கு வந்திருந்தாள்.

"மொதல்ல இதை வெளிய தூக்குங்க," என்றார் ஜெயவேல்.

தூக்கினார்கள். வண்டி வாசலில் நுழையவில்லை. நேராகப் பார்த்தார்கள், படுக்கப்போட்டுப் பார்த்தார்கள், மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். உள்ளேயே கட்டியதை வெளியே கொண்டுபோவதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. பிரிக்க நேரமில்லை. கடைசியில் அதைக் கூடத்து மூலைக்குத் தள்ளி, மேலே ஒரு பூப்போட்ட போர்வையைப் போர்த்தினார்கள். யானைக்குட்டி படுத்திருப்பது போல இருந்தது.

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். குப்புராஜுக்கு முழங்கால் மடங்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்து, போர்வைக்கடியில் ஏதோ நாற்காலி இருக்கிறது என்று நினைத்துப் போய் உட்கார்ந்தார். போர்வை நழுவியது. அவர் கைக்கு நேராக ஸ்டியரிங்.

ஜெயவேல் விட்டத்தைப் பார்த்தார். லாவண்யா காபித் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"இது இன்னா வண்டி?" என்றார் குப்புராஜ்.

மழுப்புவதா உண்மையைச் சொல்வதா என்று தனக்கோடி ஒரு நொடி தடுமாறினாள். "வீட்டுக்குள்ள ஓட்டறதுங்க. நான்தான் கட்டுனேன்."

குப்புராஜ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். காலைப் பெடலில் வைத்தார். தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"சீட்டை இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளணுமே."

தனக்கோடிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதற்குத்தானே அந்தச் சட்டம். இடுப்பில் செருகியிருந்த ஆலன் கீயை எடுத்து, உட்கார்ந்து, தளர்த்தி, அவரையும் சேர்த்துத் தள்ளி இறுக்கினாள். இதிலேயே ஏரோப்ளேனும் ஓடும் என்று சொல்லிக்கொண்டே கிரண் கம்ப்யூட்டரைப் போட்டான்.

பந்தயம் ஆரம்பித்தது. மற்ற கார்களெல்லாம் சீறிக்கொண்டு போக, குப்புராஜ் இரண்டாவது கியரில் ஒழுங்காகக் கிளம்பினார். வளைவுக்கு முன்னால் வலதுகையை வெளியே நீட்டி சிக்னல் காட்டினார். அது லாவண்யா கொண்டுவந்து நீட்டிய காபித் தட்டில் பட்டது.

"எல்லாம் முன்னால போறாங்க மாமா," என்றான் கிரண்.

"போவட்டும். இன்னா ஜல்தி அவனுங்களுக்கு?"

கடைசியாகத்தான் வந்தார். ஆனால் காரில் ஒரு கீறல் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். அவர் மனைவி ரேணுகாம்பாள் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரிட்டயர் ஆனதுலேர்ந்து பேப்பரைப் பாத்துகினே ஒக்காந்திருந்தாரு. இவரு இப்படி சிரிச்சி ரொம்ப நாளாச்சி," என்று தனக்கோடியிடம் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏரோப்ளேனும் ஓடும்னாங்களே," என்றாள்.

நாலு போல்ட் தளர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியாது. ரேணுகாம்பாள் போளூர் மேல் பறந்தாள், புருஷன் பின்னால் நின்று வழி சொன்னார், ஜெயவேல் பஜ்ஜியைத் தட்டோடு பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். பெண்ணும் பையனும் பின்கட்டில் தறிக்குப் பக்கத்தில் நின்று நிம்மதியாக ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

செருப்பு மாட்டும்போதுதான் குப்புராஜுக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது. "டேய் வேணு, பொண்ணைப் பாத்தியா இல்லியா?"

"பாத்துட்டேம்பா. எங்களுக்குச் சம்மதம்."

"எங்களுக்கா?" என்று ஜெயவேல் திரும்பிப் பார்த்தார். லாவண்யா தலையாட்டினாள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. குப்புராஜ் ஞாயிறுதோறும் போளூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். விளையாட்டு ஸ்டியரிங் கைக்குப் போதவில்லை என்று, பழைய இரும்புக் கடையில் ஒரு பஸ் ஸ்டியரிங்கைத் தேடி வாங்கி வந்து தனக்கோடியையே பொருத்தச் சொன்னார். மிச்சமிருந்த சட்டத்தில் தனக்கோடி வண்டியைப் பக்கவாட்டில் நீட்டி இரண்டாவது சீட்டும் போட்டாள். அது ரேணுகாம்பாளுக்கு.

அந்த வருஷத் தீபாவளிக்கு இரண்டு குடும்பமும் ஆரணியில் இருந்தது. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் ரேணுகாம்பாள், "காசிக்குப் போலாமா?" என்றாள். சின்ன விமானம், மெதுவாகத்தான் போகும். அவளும் தனக்கோடியும் முறுக்கு டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பத்து மணிக்கு ஜெயவேல் காபி கேட்டார். "கிருஷ்ணா நதி மேல இருக்கோம், இப்ப எப்பிடிங்க எழுந்திருக்கறது," என்று பதில் வந்தது. மத்தியானம் நாக்பூரில் இறக்கி நிறுத்திவிட்டு வந்து சோறு வடித்து, குழம்பைக் கொதிக்கவைத்து எல்லாருக்கும் போட்டார்கள். கை கழுவியதும் மறுபடி ஏறினார்கள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரையில் ஒரு நீலக்கோடு வளைந்து வந்தது.

"கங்கை," என்றாள் தனக்கோடி.

"ஒடனே எறக்காத சம்மந்தி. ஒரு சுத்து சுத்து."

தனக்கோடி ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்து இடது மிதியை அழுத்தினாள். விமானம் ஆற்றின் மேல் சரிந்து திரும்ப, இரண்டு பெண்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். பின்னால் நின்றிருந்த குப்புராஜும் ஜெயவேலும் கிரணும், எதையும் பிடித்துக்கொள்ளாமல், கூடவே சாய்ந்தார்கள்.