நீலம் பூசிய நாலு கல்

கத்தாரில் பன்னிரண்டு வருஷம் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு நிந்தவூருக்குத் திரும்பிய நிப்றாஸை ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. பள்ளிக்கூட வேனை ஓட்டும்போதும் மின்கம்பங்களின் உச்சியை ஒரு கண்ணால் பார்த்தபடியே ஓட்டுவார். எங்கே கமரா இருக்கிறதோ, எந்த நேரம் தண்டப்பணம் வருமோ என்ற பயம்.

"இஞ்ச கமராவுமில்ல ஒண்டுமில்ல. மாடுதான் குறுக்க வரும். கீழ பாத்து ஓட்டுங்க" என்பாள் மனைவி சுஹறா.

அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் தன் கைத்தொலைபேசிக் கமராவிலேயே மாட்டிக்கொண்டார்.

'வீதியும் போக்குவரத்தும்' என்றொரு புகைப்படப் போட்டி. தொலைபேசியில் எடுத்த படமும் ஏற்கப்படும் என்றிருந்தது. கத்தாரில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ரோட்டுப் படம் எடுத்து சுஹறாவுக்கு அனுப்பியவர் அவர். சும்மா இருப்பாரா?

மாசிக் கடைசி, அறுவடை முடிந்த நேரம். சுஹறாவின் வாப்பா, நிப்றாஸின் மாமனார் மீராசாஹிபு பிரதான வீதியில் பாதியை மறித்து நெல் காயப் போட்டிருந்தார். ஊரில் பலரும் செய்வதுதான். நெல்லில் சக்கரம் ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வைப்பார்கள். மீராசாஹிபின் கற்கள் நாலு. கேற்றுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட் பூசியவை. வேறு யாரும் தூக்கிப்போகக் கூடாதே. வருஷா வருஷம் அதே நாலு கற்கள்தான் ரோட்டுக்கு வரும். அன்று காலை, சாரனை மடித்துக் கட்டிய மாமா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு போக, மற்றப் பாதியில் அக்கரைப்பற்று பஸ் ஒன்று கல்லில் முட்டாமல் ஊர்ந்து வந்தது. நிப்றாஸ் வேனை நிறுத்தி எடுத்துவிட்டார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பது கத்தாரில் படித்த பாடம். அதனால் திகதி, நேரம், இடம் எல்லாம் எழுதினார். தலைப்பு: 'நாலு காவல்காரர்'. விளக்கம், 'நெல்லுக்குக் காவல் நிற்கும் நீலக் கற்கள்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. படம் முதல் பத்துக்குள். சனிக்கிழமை கல்முனையில் கண்காட்சி. போக்குவரத்துப் பொலிஸ் அதிகாரி திறந்துவைப்பார். படத்தை விலக்கிக்கொள்ள விரும்பினால் வியாழன் பகல் பன்னிரண்டுக்குள் அறிவிக்க வேண்டும்.

சிரித்த முகத்தோடு சுஹறாவிடம் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

"இந்தப் படத்தையா அனுப்பின நீங்க?"

"ஏன், மாமா வடிவா விழுந்திரிக்காரே."

"காரைதீவுச் சேர் விழுந்ததும் அண்டைக்குத்தானே."

பக்கத்து ஊர் ஆசிரியர் நல்லரெத்தினம் சேர் அந்த ரோட்டில் ஒரு கல்லில் முட்டி, மோட்டார்சைக்கிளோடு விழுந்து மணிக்கட்டு முறிந்தது நிப்றாஸுக்கும் தெரியும். யாருடைய கல் என்றுதான் யாருக்கும் தெரியாது.

"வாப்பா பொழுதுபட, மஃரிபு பாங்குக்கு அவசரமா நெல்லக் கட்டி ஏத்தினவர்" என்றாள் சுஹறா மெதுவாக. "மூண்டு கல்லத்தான் எடுத்த. நாலாவது ரோட்டிலயே நிண்டிட்டு. சேர ஆக்கள் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாப் பொறகு போய்த் தூக்கிட்டு வந்தவர். உம்மாக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

அனுப்பிய விண்ணப்பத்தைத் தொலைபேசியில் திறந்து பார்த்தார் நிப்றாஸ். திகதியும் இடமும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். சுஹறாவுக்குச் சீதனமாக மாமா கட்டிக் கொடுத்த வீட்டில்தான் குடியிருப்பு. அந்த வீட்டில் சோறு தின்றுகொண்டே மாமாவைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்த மருமகன் என்று ஊர் கதைக்கும். படத்தை விலக்கினாலோ, ஏன் என்று ஏற்பாட்டுக்காரர்கள் கேட்பார்கள். புதன்கிழமை முழுக்க, பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கல்தான் பெருத்தது.

வியாழன் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே மாமா வீட்டுக்குப் போனார். கிணற்றடியில் நாலு கல்லும் வரிசையாக இருந்தன. ஒன்றில் மட்டும் நீலம் பெயர்ந்து, சாம்பல் நிறம் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னார். மீராசாஹிபு தொலைபேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"என்ட கால் இவ்வளவு வளைஞ்சா போயிட்டு?"

"மாமா, பன்னிரண்டு மணிக்குள்ள சொன்னா படத்த எடுத்திரலாம்."

"கல்ல எடுத்த மாதிரியா?"

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "வேன எடுங்க மருமகன். காரைதீவுக்கு."

பிள்ளைகளின் சின்ன சீற்றில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து வந்தார் மீராசாஹிபு. நிப்றாஸ் மணியைப் பார்த்தார், பத்து பத்து. சேர் கோபத்தில் நேரே பொலிசுக்குப் போய்விட்டால்?

நல்லரெத்தினம் வலக்கையில் மாக்கட்டுடன் விறாந்தையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். மீராசாஹிபு படியில் நின்றபடியே சொன்னார்.

"சேர், அந்தக் கல்லு என்டதான்."

"தெரியும் காக்கா" என்றார் சேர், அண்ணனை அழைப்பதுபோல். "மோட்டார்சைக்கிள் மட்காட்டில நீலம் ஒட்டிக் கிடந்தது. நிந்தவூரில கல்லுக்குப் பெயின்ட் அடிக்கிறது நீங்க ஒராள்தானே."

"பின்ன ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல?"

"நீங்க வருவீங்கள் எண்டு பாத்தன். ஒரு கிழமை பாத்தன். பிறகு கோவம் வந்தது. இடக்கையால சோறு தின்னத் தின்னக் கோவம் கூடினது." பல் போன இடத்தைக் காட்டினார். "என்ட பல்லொண்டும் அந்த ரோட்டிலதான் விழுந்தது. இனி நெல் காயப் போடேக்க கண்டா எடுத்து வைங்க."

யாரும் சிரிக்கவில்லை. மீராசாஹிபு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவந்து, சேரின் இடக்கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"பயந்திட்டன் சேர். மாப்புத் தாங்க."

சேர் கையை இழுக்கவில்லை. பிறகு உள்ளே பார்த்து, மூன்று தேத்தண்ணி என்றார்.

தேத்தண்ணி வந்தபோது நிப்றாஸ் படத்தைக் காட்டினார். சேர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"எது என்னை விழுத்தினது?"

"இந்தா, கடைசிக் கல்லு" என்று மீராசாஹிபு விரல் வைத்தார்.

"சேர், நீங்க சொன்னா இப்பவே விலக்கிக்கிறன்" என்றார் நிப்றாஸ். மணி பதினொன்று.

"படத்தில நிக்கிறது நானில்லையே, தம்பி. காக்காட்டக் கேளும்."

மீராசாஹிபு தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "கிடக்கட்டும். ஒருக்கா ஒளிச்சது போதும்."

"பொலிசுக்காரன் கேட்டா மாமா?"

"கேட்டாச் சொல்லுறதான்."

திரும்பும் வழியில் நிப்றாஸ் மின்கம்பங்களைப் பார்க்கவில்லை. வேனின் மணிக்கூட்டையே பார்த்தார். கல் நின்ற இடத்தைக் கடக்கும்போது பன்னிரண்டாக ஏழு நிமிஷம். ஓரமாக நிறுத்தி, தொலைபேசியைக் கையில் எடுத்தார். ஏற்பாட்டுக்காரரின் இலக்கம் திரையில் இருந்தது. பின்னால் மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு ஆனது. பிறகு பன்னிரண்டு ஒன்று.

"சனிக்கிழம எத்தின மணிக்கு?" என்று கேட்டார் மீராசாஹிபு.

"ஒன்பதுக்கு. ஏன் மாமா?"

"வெள்ளச் சட்டய அயன் பண்ணி வெக்கச் சொல்லணும் சுஹறாட்ட. படத்துக்குப் பக்கத்துல ஆள் நிண்டாத்தானே பொலிசுக்காரனுக்குக் கேக்க லேசு."

நிப்றாஸ் வேனை எடுத்தார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் கிடந்தது.