பாலசுந்தரத்தின் கழுத்து

பாலசுந்தரத்தின் கை பஸ்ஸின் பக்கவாட்டில் சோப்பு நுரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சேந்தமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பல வருஷமாக அதே பஸ்ஸை ஓட்டியவர். இப்போது கழுவ மட்டும்தான் விட்டிருந்தார்கள். காரணம் அவர் முகம்.

வெயிலில் நின்றாலும், சூடாக ஒரு டீ குடித்தாலும், கன்னமும் மூக்கும் குப்பென்று சிவந்து எரியும். சாராய வாடையே அவருக்குக் குமட்டும். தினமும் சாவி வாங்குமுன் ஊதிக் காட்டும் கருவியில் ஒருநாளும் எதுவும் காட்டியதில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிற தாய்மார்கள் கருவியையா பார்க்கிறார்கள்? "காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துட்டாப்ல" என்று ஒருத்தி சொல்ல, நாலு பேர் பள்ளிக்குப் போன் போட்டார்கள்.

வண்டிகளைக் கவனிக்கும் கோகுல்ராஜுக்குச் சொல்லவே சங்கடம். "நீங்க குடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுங்ணா. மொகத்தைச் சரி பண்ணிட்டு வாங்க. இல்லாட்டி பரீட்சை லீவுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுருவாங்க."

சேலத்துத் தோல் டாக்டர் மதுமதி, இதற்கு ரொசேசியா என்று பெயர் சொன்னார். களிம்பிலும் மாத்திரையிலும் கன்னத்தில் இருந்த சிறு பருக்கள் அடங்கின, சிவப்பு அடங்கவில்லை.

"இன்னொரு வழி இருக்கு. சுருக்கம் போக மொகத்துல போடுவாங்களே, அந்த ஊசி. ரொம்பக் கொஞ்சமா, மேல்தோல்லயே அங்கங்க போட்டா, ரத்தக் குழாயை விரியச் சொல்ற நரம்பு கொஞ்ச நாள் சும்மா இருக்கும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். கேட்டாலும் சில மாசம்தான், மறுபடி போடணும். ஆழமாப் போயிட்டா சிரிக்கையில ஒரு பக்கம் கோணும். அது தானாச் சரியாயிடும்."

"அதுல என்ன மருந்துங்க?" என்றாள் கூட வந்திருந்த பாலசுந்தரத்தின் மனைவி அத்தாயி.

"போட்டுலினம்னு ஒரு கிருமியோட நஞ்சு."

அத்தாயி கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவள். இந்தப் பெயரைக் கால்நடை டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒருமுறை பண்ணையில், செத்த கோழியில் நெளிந்த புழுவைக் கொத்தித் தின்ற கோழிகள், கழுத்து துவண்டு தலையைத் தரையில் போட்டுக் கிடந்தன. கூடையில் வாரிப் போட்டவளே அவள்தான்.

"அய்யோ சாமி! கோழிக்குக் கழுத்தைத் தொங்க வெச்ச வெசமுங்களா?"

"அதேதாங்க" என்று டாக்டர் சிரித்தார். "கோழி கணக்கில்லாமத் தின்னுச்சு. நான் அளந்து போடறேன்."

"போடுங்க டாக்டர்" என்றார் பாலசுந்தரம். "தொங்குனாத் தொங்கட்டும். பஸ்ஸைக் கழுவிக் கழுவிக் கையே தேஞ்சு போச்சு."

ஐஸ் வைத்து மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசியால் பொட்டுப் பொட்டாகப் போட்டார் டாக்டர். முகத்தைத் தேய்க்க வேண்டாம், சாயங்காலம் வரை படுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் ராசிபுரம் தாண்டியதும் பாலசுந்தரத்தின் தலை அத்தாயியின் தோளில் விழுந்தது. நிமிர்த்திவிட்டாள். இந்தப் பக்கம் விழுந்தது. மறுபடி நிமிர்த்தினாள். அந்தப் பக்கம் விழுந்தது.

"அய்யய்யோ, கழுத்து போச்சு! வண்டிய நிறுத்துங்க!"

கண்டக்டர் ஓடி வந்தார். பாலசுந்தரம் கண்ணைத் திறந்தார். "ஏம்புள்ள, மனுசனைத் தூங்க உடமாட்டியா?"

"ஏனுங்க, மொகத்தைப் பாத்தாத் தெரியலீங்களா? சரியான போதை" என்றார் முன்சீட்டுக்காரர்.

"அது ஊசி போட்ட மொகம். உன்ற வேலையப் பாத்துட்டுத் திரும்பி உக்காரு!" அத்தாயி போட்ட சத்தத்தில் இறங்கும்வரை அந்த ஆள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகும் தினமும் எழுந்ததும் அவள் பார்த்தது கன்னத்தை அல்ல, கழுத்தைத்தான். அதனால், சிவப்பு வெளுத்துக்கொண்டு வந்ததை அவளுக்கு முன்பே கோகுல்ராஜ் கண்டுபிடித்தார். ஒருநாள் உச்சி வெயிலில், பஸ் கழுவுகிற இடத்துக்கே சுடச்சுட டீயோடு வந்து நின்றார்.

"குடிங்ணா."

குடித்து முடிக்கும்வரை கன்னத்தையே பார்த்தார். லேசாக ஒரு நிறம் ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை.

"நாளைக்கு வண்டிய எடுத்துருங்க."

பாலசுந்தரம் வாளித் தண்ணீரை அங்கேயே கவிழ்த்தார். வீட்டுக்குப் போய், பல நாளைக்கு அப்புறம் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கருவியில் ஊதிக் காட்டிச் சாவியை வாங்கினார். முதல் நிறுத்தத்தில் நின்றவள், அன்றைக்கு முதல் ஆளாகப் பள்ளிக்குப் போன் போட்டவளேதான்.

"புது டிரைவருங்களா?" என்றாள், எட்டிப் பார்த்து.

"பழைய ஆளுதானுங்க. புள்ளைய ஏத்துங்க, நேரமாச்சு."

ஏற்றிவிட்டாள். பாலசுந்தரம் கியரைப் போட்டார்.